ஊட்டி குளிருக்கு பூட்ஸ்: விலையில் 100 ரூபாய் கூடினால் பில்லில் 443 ரூபாய் கூடும்!

ஊட்டி, குன்னூர் பக்கம் போஸ்டிங்கா? முதல் சம்பளத்துல ஸ்டைலா பூட்ஸ் வாங்கப் போறீங்களா? ஒரு நிமிஷம்.

சில வருஷம் முன்னாடி ஒரு டீ எஸ்டேட் ஆடிட்டுக்கு, வெல்வெட் மாதிரி தோல் வச்ச பூட்ஸ் போட்டுட்டுப் போனேன். காலையில புல்லெல்லாம் ஈரம். மூணே நாள்ல பூட்ஸ் போச்சு, 3,200 ரூபாயும் போச்சு!

1. தேவை: ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும். ஆனா காஷ்மீர் மாதிரி பனி கொட்டாது. ஃபர் வச்ச ஸ்னோ பூட்ஸ் வேண்டாம். தண்ணி புகாத, கணுக்கால் மூடுற, நல்ல கிரிப் உள்ள பூட்ஸ் போதும். கம்பளி சாக்ஸ் போட்டுப் பார்த்து சைஸ் எடுங்க. டார்க் பிரவுன்னா ஆபீஸுக்கும் செட் ஆகும்.

2. வரி: 2025 செப்டம்பர் 22 முதல், ஜோடி 2,500 ரூபாய் வரை ஜிஎஸ்டி 5%. தாண்டினால் முழு விலைக்கும் 18%. வரிக்கு முன் 2,500 என்றால் பில் 2,625. 2,600 என்றால் 3,068. பில்லில் தள்ளுபடி கழிச்ச பிறகு வர்ற விலைதான் கணக்கு.

3. ஒரு நாள் செலவு: 1,500 ரூபாய் பூட்ஸ் 60 நாள்ல கிழிஞ்சா, நாளுக்கு 25 ரூபாய். 4,500 ரூபாய் பூட்ஸ் 300 நாள் உழைச்சா, 15 ரூபாய்தான்.

அதுக்காக இஎம்ஐ போடாதீங்க. செப்டம்பர்ல இருந்து மாசம் 1,500 எடுத்து வச்சா, டிசம்பர் குளிருக்கு கைக்காசுலயே வாங்கிடலாம். காலும் சூடா இருக்கும், கடனும் இருக்காது!