கூட்டம் மிகும்போது இணையக் கடையைக் காப்பது எப்படி?

தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு மாலை கடை வாசலில் நெரிசல் கண்டால் வணிகர் மனம் மகிழும். அதே நெரிசல் இணையக் கடையில் ஏற்பட்டால் பல நேரங்களில் கடையே படுத்துவிடுகிறது. வந்த வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போய்விடுகிறார். இதைத் தவிர்க்கும் வழிகளை இப்பாடத்தில் காண்போம்.

கணக்கு

ஒரு கடையில் ஐந்து பில் கவுன்டர்கள். ஒருவருக்கு 2 நிமிடம் ஆகிறது. மணிக்கு 150 பேரை அனுப்பலாம். மணிக்கு 200 பேர் வந்தால் முதல் மணி முடிவில் 50 பேர் நிற்பர். கடைசி ஆள் 20 நிமிடம் காக்க வேண்டும். இரண்டாம் மணி முடிவில் 100 பேர், 40 நிமிடம். சர்வரும் இப்படியே. ஆனால் அங்கே இன்னொரு சங்கடமும் உண்டு. பொறுமையிழந்தவர் மீண்டும் மீண்டும் பொத்தானை அழுத்துவார். ஒருவரே ஐந்து பேராகி விடுவார். அவர் விட்டுச் சென்ற பழைய வேண்டுகோளையும் சர்வர் முடித்துக்கொண்டிருக்கும். உழைப்பெல்லாம் போய்விட்டவருக்கே செலவாகி, இருப்பவருக்கு எதுவும் கிடைக்காது.

நாம் கண்ட எடுத்துக்காட்டுகள்

2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை காஞ்சிபுரத்தில் அத்திவரதர் வைபவம் நடந்தது. நெரிசலில் உயிரிழப்பும் நேர்ந்தது. ஊருக்குள் வண்டிகள் குவியாதிருக்க ஓரிக்கை உள்ளிட்ட இடங்களில் தற்காலிகப் பேருந்து நிலையங்கள் அமைத்து, வெளியூர் வண்டிகளை ஊரின் விளிம்பிலேயே நிறுத்தினர். கூட்டத்தை வாசலுக்கு முன்பே தடுத்து, அளவாக உள்ளே விடுவதே இதன் தத்துவம்.

ஜி.எஸ்.டி. இணையதளம் கடைசி நாளில் திணறியதை வணிகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தாமதமானால் அபராதமும் 18 சதவீத வட்டியும் நம் தலையில்தான் விழும். 2020 ஜனவரியில் 3பி படிவத்தின் கடைசி நாளை 20, 22, 24 எனப் பிரித்தனர். 5 கோடிக்குக் குறைந்த விற்றுமுதல் உள்ள தமிழக வணிகர்களுக்கு 22 வந்தது. ரயில்வேயும் 2015 ஜூன் முதல் தட்கல் முன்பதிவை ஏ.சி. வகுப்புக்குக் காலை 10 மணி, மற்றதற்கு 11 மணி எனப் பிரித்தது.

செய்ய வேண்டியவை

1. சர்வர் ஒரே நேரத்தில் எத்தனை பேரைத் தாங்கும் என்பதை விழாவுக்கு முன்பே சோதித்து அறிக.

2. அந்த அளவுக்கு மேல் வருவோரை உடனே, மரியாதையாகக் காத்திருக்கச் சொல்க. இதற்கென்றே 503 என்ற குறியீடு உண்டு; எத்தனை நொடி கழித்து வரலாம் என்பதையும் சேர்த்து அனுப்பலாம். அந்த அறிவிப்புப் பக்கம் தமிழில், கடையின் தொலைபேசி எண்ணோடு, படங்களின்றி இருக்கட்டும்.

3. பணம் செலுத்தும் நிலைக்கு வந்தவருக்கே முதலிடம். வேடிக்கை பார்ப்பவர் சற்றுக் காக்கலாம்.

4. நெரிசல் நேரத்தில் பெரிய படங்கள், விரிவான தேடல் போன்ற கனமான வசதிகளை நிறுத்துக. அடிக்கடி மாறாத பக்கங்களை நகலெடுத்து வைத்து, அந்த நகலையே காட்டுக.

5. ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரே எண் தருக. இருமுறை அழுத்தினாலும் ஒருமுறை மட்டுமே பணம் பிடிக்கப்பட வேண்டும். பணம் போய் ஆர்டர் பதிவாகாவிட்டால் போவது அந்தத் தொகை மட்டுமன்று, கடையின் பெயரும்தான்.

6. தள்ளுபடியை எல்லா ஊருக்கும் ஒரே மணிக்குத் தொடங்காமல், பழைய வாடிக்கையாளர்க்கு ஒரு நாள் முன்பாகத் தொடங்குக.

பெரிய சர்வர் வாங்குவதும் ஒரு வழியே. ஆனால் எவ்வளவு பெரிதானாலும் அதற்கும் ஓர் எல்லை உண்டு. எல்லை வந்தபோது என்ன செய்வது என்பதை, இணையதளம் அமைத்துத் தருபவரிடம் ஒப்பந்தத்தின்போதே கேட்டு எழுதி வாங்கிக்கொள்க.