நலங்கும் நலுகும்

நுழையும்முன்

சித்தூர் மாவட்டத்துப் பாலசமுத்திரம் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பகுதி. 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் இரு மாநிலங்களின் எல்லை திருத்தியமைக்கப்பட்டபோது, சித்தூர் மாவட்டத்திலிருந்த திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. கோடு மாறியது, எல்லைக்கு இருபுறமும் இருந்த உறவும் பேச்சும் தொடர்ந்தன. இன்றும் இப்பகுதி வீடுகள் பலவற்றில் பாட்டியிடம் தமிழும் பக்கத்து வீட்டில் தெலுங்கும் பேசும் பிள்ளைகள் வளர்கின்றனர். அவ்வீடுகளின் குளியலறையில் இருக்கும் ஒரு பொடியைப் பற்றியது இப்பாடம்.

கற்றல் நோக்கங்கள்

1. ஒரு செய்முறையை வரிசை தவறாமல் படித்தலும் எழுதுதலும்.
2. வீட்டில் வழங்கும் பொருட்பெயர்களைத் தமிழில் அறிதல்.
3. ஆகுபெயரை வழக்குச் சொற்களில் இனங்காணல்.

பாடம்

திருமணத்தின்போது மணமக்களுக்கு மணமாவு பூசி நீராட்டும் சடங்கைத் தமிழில் நலங்கு என்பர். தெலுங்கில் அதுவே நலுகு. பூசும் மாவு தமிழில் நலங்கு மாவு. தெலுங்கில் நலுகுப் பிண்டி அல்லது சுன்னிப்பிண்டி. பிண்டி என்றால் மாவு. நலுகு என்னும் தெலுங்குச் சொல்லுக்கு நசுங்குதல் என்ற பொருளும் உண்டு. இடித்தும் அரைத்தும் ஆக்கும் பொருளுக்கு அது பொருத்தமாகவே அமைந்துள்ளது.

மணப்பொருள்களைக் கூட்டி நீராடும் வழக்கம் நமக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில், பத்துத் துவரும் ஐந்து விரையும் முப்பத்திரண்டு ஓமாலிகையும் ஊறிய நீரில் மாதவி நீராடியதாக இளங்கோவடிகள் கூறுகிறார். துவர் என்பது துவர்ப்புப் பொருள். விரை என்பது மணப்பொருள். ஓமாலிகை என்பது நீரில் ஊறவைக்கும் நறும்பொருள் தொகுதி. பழைய உரை பத்துத் துவருள் ஒன்றாகப் பூவந்தியை எண்ணுகிறது. அப்பூவந்தியே இன்று கடையில் நாம் கேட்டு வாங்கும் பூந்திக்கொட்டை. தெலுங்கில் அது குங்குடுகாய.

நலங்கு மாவு ஒருவர் தனியே செய்வதைவிடப் பலர் கூடிச் செய்வதற்கு ஏற்றது. பொருள்கள் பல; உலர்த்தவும் நறுக்கவும் சலிக்கவும் கைகள் வேண்டும். மேலும், சிறிதளவு மாவை ஆலையில் அரைத்தால் பெரும்பகுதி பொறியிலேயே தங்கிவிடும். ஆகவே விடுமுறை நாளில் ஐந்து தோழர்கள் ஒரு வீட்டில் கூடிப் பெரியவர் ஒருவரின் துணையோடு இதனைச் செய்யலாம். ஒரு கிலோ மாவிற்கான அளவு பின்வருமாறு:

பாசிப்பயறு – 500 கிராம்
கடலைப்பருப்பு – 250 கிராம்
கஸ்தூரி மஞ்சள் – 50 கிராம்
பூலாங்கிழங்கு – 50 கிராம்
கோரைக்கிழங்கு – 50 கிராம்
உலர்ந்த ஆவாரம்பூ – 50 கிராம்
வெட்டிவேர் – 25 கிராம்
உலர்ந்த ரோஜா இதழ் – 25 கிராம்

முதலில் பொருள்களைத் தூசியும் கல்லும் நீக்கித் தூய்மை செய்க. வெட்டிவேரில் மண் ஒட்டியிருக்கும். அதனைக் கழுவிச் சிறு துண்டுகளாக நறுக்குக. கிழங்குகளை உரலில் இட்டு ஒன்றிரண்டாக இடித்துக்கொள்க. பின்னர் எல்லாவற்றையும் இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் உலர்த்துக. பூவிதழை விரலால் நொறுக்கும்போது பொடியாக வேண்டும். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று அறிக. ஈரம் எஞ்சிய மாவில் பூஞ்சை பிடிக்கும், வண்டும் விழும்.

ஆலைக்குக் கொண்டுசெல்லும்போது, அதற்குமுன் அப்பொறியில் என்ன அரைத்தார்கள் என்று கேட்க மறவாதீர். மிளகாய் அரைத்த பொறியில் அடுத்து அரைத்த மாவு உடலை எரிக்கும். அரைத்த மாவு சூடாக இருக்கும். அதனை அகன்ற தாம்பாளத்தில் பரப்பி ஆறவிட்டு, மெல்லிய துணியில் சலித்து, கப்பியை மீண்டும் அரைத்துக்கொள்ளலாம். சலிப்பவர் மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்ள வேண்டும். ஆறிய மாவை ஈரமில்லாத கண்ணாடிப் புட்டிகளில் ஆளுக்கு 200 கிராம் வீதம் பகிர்ந்துகொள்க. புட்டியின்மேல் பொருள்களின் பெயரையும் அரைத்த நாளையும் எழுதி ஒட்டுக.

வேண்டிய அளவு மாவை மட்டும் நீரில் குழைத்து அன்றே பயன்படுத்துக. குழைத்து மிஞ்சியதை எடுத்துவைத்தல் கூடாது. முதன்முறை பயன்படுத்துவோர் முழங்கையின் உட்புறத்தில் சிறிது பூசிக் கழுவி, ஒரு நாள் பொறுத்துப் பார்க்க வேண்டும். அரிப்போ சிவப்போ தோன்றினால் அம்மாவு அவருக்கு ஆகாது. மூலிகை என்பதனாலேயே எல்லாருக்கும் எல்லாமும் ஒத்துக்கொள்ளும் என்று எண்ணுதல் தவறு. கடைகளில் கிடைக்கும் கார்போக அரிசி என்னும் விதையைச் சிலர் இம்மாவில் சேர்ப்பர். அவ்விதையிலுள்ள ஒரு வேதிப்பொருள் தோலை வெயிலுக்குக் கூச வைக்கும். ஆகவே நம் அளவில் அது இடம்பெறவில்லை. நலங்கு மாவு அழுக்கையும் எண்ணெயையும் நீக்கும். பிறந்த நிறத்தை மாற்றாது. மாற்றவேண்டிய தேவையும் இல்லை.

அழுக்கு எவ்வாறு நீங்குகிறது? பயற்று மாவின் நுண்துகள்கள் தோலின் மேலுள்ள எண்ணெயை உறிஞ்சிக்கொண்டு, நீர் ஊற்றும்போது அதனோடு கழன்று போகின்றன. தலைக்குப் பயன்படும் சீயக்காயும் பூந்திக்கொட்டையும் வேறு வகையில் செயல்படுகின்றன. அவற்றில் சபோனின் என்னும் பொருள் உள்ளது. அதன் மூலக்கூறு ஒரு முனையால் நீரையும் மறுமுனையால் எண்ணெயையும் பற்றும். அதனால் எண்ணெய் நீரோடு சேர்ந்து வெளியேறுகிறது, நுரையும் உண்டாகிறது. சோப்பும் இந்த முறையிலேயே அழுக்கை நீக்குகிறது. சபோனின் என்ற பெயரும் சோப்பைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்ததே.

செயல் ஓரிடத்திலிருந்து மற்றோரிடம் செல்லும்போது சொல்லும் உடன் செல்லும். ஷாம்பு என்னும் சொல்லைக் காண்க. அழுத்து, பிடித்துவிடு என்று பொருள்படும் இந்திச் சொல்லிலிருந்து அது ஆங்கிலத்திற்குச் சென்றது. பாட்னாவில் 1759இல் பிறந்த சேக் தீன் முகமது, 1814இல் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் குடியேறி, மூலிகை நீராவியில் குளிப்பித்து உடலைப் பிடித்துவிடும் குளியலகம் ஒன்றை நடத்தினார். அன்று ஷாம்பு என்பது உடல் பிடித்துவிடுதலையே குறித்தது. பின்னரே அது தலைமுடி கழுவுதலைக் குறித்து, புட்டியில் அடைபட்டு நம்மிடம் திரும்பி வந்தது.

செயல் நின்றுபோனால் சொல்லும் மெல்ல நின்றுபோகும். மேலே கண்ட எட்டுப் பொருள்களுக்கும் எட்டுப் பெயர்கள் உண்டு. பொடியைப் பொட்டலமாக வாங்கும் வீட்டில் அந்த எட்டும் ஒரு நிறுவனத்தின் பெயருக்குள் மறைந்துவிடுகின்றன. கோரைக்கிழங்கை நிலத்தில் களையாகக் காணும் பிள்ளை, அதன் பெயரைத் தமிழிலும் சொல்ல இயலாமல், தெலுங்கிலும் சொல்ல இயலாமல் வளர்கிறது. பாட்டியின் “ஒரு கைப்பிடி”, “ஒரு சிட்டிகை” என்னும் அளவுகள் எந்த நூலிலும் எழுதப்படவில்லை. அவர் அருகில் அமர்ந்து சலித்த கைகளுக்கு மட்டுமே அவை தெரியும். எனவே நண்பர்கள் கூடி மாவரைக்கும் ஒரு நாளில், மாவோடு சில சொற்களும் அடுத்த தலைமுறைக்குக் கைமாறுகின்றன. விருப்பமொழியாகத் தமிழ் பயிலும் உங்களுக்கு அந்த நாளும் ஒரு வகுப்பே.

இரு மொழிப் பெயர்கள்

பாசிப்பயறு – பெசலு
கடலைப்பருப்பு – செனகப்பப்பு
கஸ்தூரி மஞ்சள் – கஸ்தூரி பசுப்பு
கோரைக்கிழங்கு – துங்கமுஸ்தலு
ஆவாரை – தங்கேடு
வெட்டிவேர் – வட்டிவேரு
பூலாங்கிழங்கு – ………………… (உங்கள் ஊரில் வழங்கும் பெயரைக் கேட்டு எழுதுக)

சொல்லும் பொருளும்

விரை – மணப்பொருள்
கப்பி – சலித்தபின் எஞ்சும் பருந்துகள்
தாம்பாளம் – அகன்ற தட்டு
ஒன்றிரண்டாக – முழுதும் பொடியாகாதவாறு

இலக்கணம் அறிவோம்

“ஒரு கிலோ அரைத்தோம்” என்னும் தொடரில் கிலோ என்னும் அளவுப்பெயர், அந்த அளவுள்ள மாவிற்கு ஆகிவந்தது. இது எடுத்தலளவை ஆகுபெயர். “மஞ்சள் பூசினாள்” என்பதில் நிறத்தின் பெயர் அந்நிறமுடைய கிழங்கிற்கு ஆகிவந்தது. இது பண்பாகுபெயர். “பாலசமுத்திரம் கூடி வந்தது” என்பது எவ்வகை ஆகுபெயர் எனக் கண்டறிந்து எழுதுக.

பயிற்சி

அ. ஓரிரு தொடரில் விடை தருக.

1. பூவந்தி என்பது இன்று எப்பெயரால் வழங்குகிறது?
2. பூவிதழ் நன்கு உலர்ந்ததை எவ்வாறு அறியலாம்?
3. கார்போக அரிசியை ஏன் சேர்க்கவில்லை?

ஆ. சுருக்கமாக விடை தருக.

1. பயற்று மாவும் சீயக்காயும் அழுக்கை நீக்கும் முறைகளை வேறுபடுத்துக.
2. ஷாம்பு என்னும் சொல்லின் பொருள் எவ்வாறு மாறியது?
3. இப்பாடத்தின் அளவைக் கொண்டு எட்டு நண்பர்களுக்கு ஆளுக்கு 250 கிராம் மாவு கிடைக்க, ஒவ்வொரு பொருளும் எவ்வளவு வேண்டும் எனக் கணக்கிடுக.

இ. செயல்பாடு

உங்கள் வீட்டிலோ தெருவிலோ உள்ள மூத்தவர் ஒருவரிடம் அமர்ந்து, அவர் இளமையில் குளிப்பதற்குப் பயன்படுத்திய பொருள்களைக் கேளுங்கள். ஒவ்வொன்றின் பெயரையும் அவர் சொல்லும் ஒலியிலேயே எழுதுங்கள். அளவைக் கைப்பிடி என்றால் கைப்பிடி என்றே எழுதி, பின் எடையிட்டுக் கிராமையும் அருகில் குறியுங்கள். அவற்றுள் அகராதியில் காணாத சொல் ஒன்றேனும் இருந்தால் அடிக்கோடிட்டு வகுப்பில் படித்துக் காட்டுங்கள்.