பனி உருகினால் ஆறு பெருகாதா?

கேள்வி: ஒன்பதாம் வகுப்புக்குப் பனியாறுகள் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு மாணவி எழுந்து, "பூமத்திய ரேகைப் பக்கத்து மலையிலயும் பனி இருக்குன்னு படிச்சேன் டீச்சர். அது உருகினா ஆத்துல தண்ணி கூடத்தானே செய்யும்? அப்புறம் ஏன் தண்ணிப் பஞ்சம் வரும்னு சொல்றாங்க?" என்று கேட்டாள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அடுத்த வகுப்பில் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அவளுக்கு என்ன சொல்வது? உருகுவதை எப்படி அளக்கிறார்கள் என்பதையும் விளக்கினால் நன்றாக இருக்கும்.

– புவியியல் ஆசிரியை, உடுமலைப்பேட்டை

பதில்: அந்த மாணவியை முதலில் பாராட்டிவிடுங்கள் அம்மா. அவள் சொன்னது பாதி சரி. பனி வேகமாக உருகத் தொடங்கினால் ஆற்றில் தண்ணீர் கூடத்தான் செய்யும். சில பத்தாண்டுகள்கூட அப்படி ஓடும். ஆளை ஏமாற்றுவதும் அந்தப் பத்தாண்டுகள்தான்.

பெரு நாட்டை எடுத்துக்கொள்வோம். உலகின் வெப்பமண்டலப் பனியாறுகளில் ஏறக்குறைய 70 சதவீதம் அங்கேதான். அவை நெருக்கமாக இருப்பது கோர்டியேரா பிளாங்காவில். 'வெள்ளை மலைத்தொடர்' என்று பொருள். நம் கன்னியாகுமரி பூமத்திய ரேகைக்கு வடக்கே 8 டிகிரி. இந்த மலை தெற்கே 9 டிகிரி. அங்கேதான் 6,768 மீட்டர் உயர வாஸ்கரான் சிகரம் பனி மூடி நிற்கிறது. பனி தங்குவதற்குக் காரணம் உயரம் மட்டுமே. ஏறக்குறைய 5,000 மீட்டருக்குக் கீழே வந்துவிட்டால் வெறும் பாறைதான்.

ஆல்ப்ஸில் குளிர்காலத்தில் பனி சேரும், கோடையில் உருகும். வெப்பமண்டலத்தில் அப்படிப்பட்ட குளிர்காலமே கிடையாது. ஒரு நாளின் பகலுக்கும் இரவுக்கும் உள்ள வெப்ப வேறுபாடு, ஜனவரிக்கும் ஜூலைக்கும் உள்ளதைவிடப் பெரிது. அக்டோபர் முதல் ஏப்ரல் வரை மழைக்காலம். அப்போது மேலே பனி விழுந்துகொண்டிருக்க, கீழே பனியாற்றின் நாக்கு உருகிக்கொண்டும் இருக்கும். மே முதல் செப்டம்பர் வரை வறண்ட காலம். வெயில் சுள்ளென்று அடித்தாலும் காற்று காய்ந்து கிடப்பதால், பனியில் ஒரு பகுதி தண்ணீராகாமல் நேராக ஆவியாகிவிடும். ஒரு கிலோ பனியை உருக்குவதைவிட நேராக ஆவியாக்க எட்டு மடங்குக்கு மேல் வெப்பம் வேண்டும். வெயிலின் சக்தியில் பெரும் பங்கு அதற்கே போய்விடுவதால் உருகல் மட்டுப்படும். ஆனாலும் நிற்காது, வருடம் முழுக்க ஏதோ ஒரு அளவில் நாக்கு உருகிக்கொண்டே இருக்கும். மழையில்லாத மாதங்களில் ஆற்றைக் காப்பாற்றுவது அதுதான்.

பழைய வீடுகளில் நெற்குதிர் பார்த்திருப்பீர்கள். மேலே கொட்டுவார்கள், அடியில் உள்ள துளையைத் திறந்து வேண்டியபோது எடுப்பார்கள். பனியாறும் அப்படி ஒரு குதிர். அடித்துளை பெரிதாகிவிட்டால் முதலில் நெல் கூடுதலாகத்தான் கொட்டும். முறத்தைப் பார்ப்பவர் அமோகம் என்பார். குதிருக்குள் எட்டிப் பார்ப்பவருக்குத்தான் வயிறு கலங்கும். கொட்டுவது ஓர் உச்சத்தைத் தொட்டு, பிறகு இறங்க ஆரம்பிக்கும். கோர்டியேரா பிளாங்காவின் உருகுநீரை வாங்கிக்கொண்டு பசிபிக் கடலுக்குப் போவது சாந்தா ஆறு. அதன் ஒன்பது நீர்ப்பிடிப்புப் பகுதிகளை ஆராய்ந்து 2012இல் வெளியான ஆய்வு, ஏழு பகுதிகள் அந்த உச்சத்தை ஏற்கெனவே தாண்டிவிட்டன என்று காட்டியது. மாணவி சொன்ன 'கூடும்' என்ற கட்டம் அங்கே பெரும்பாலும் முடிந்துபோன கதை. இனி இறங்குமுகம்தான், அதுவும் வறண்ட மாதங்களில்தான் அடி பலமாக விழும். மழைக்காலத்தில் ஆறு எப்படியும் ஓடும் என்பதால், ஆண்டுச் சராசரியைப் பார்த்தால் விஷயம் புரியாது. இதைத் தயவுசெய்து வகுப்பில் அழுத்திச் சொல்லுங்கள்.

குதிரின் துளை ஏன் பெரிதானது? காற்று சூடானது என்பது ஒரு வரிப் பதில். அதற்குள் ஒரு நுட்பம் இருக்கிறது. புதுப்பனி தும்பைப் பூ மாதிரி வெள்ளை. விழும் வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். பழைய, தூசி படிந்த பனிக்கட்டி வெயிலைக் குடித்துக்கொள்ளும். வெப்பம் கூடக் கூட, முன்பு பனி விழுந்த உயரத்தில் இப்போது மழை விழுகிறது. வெள்ளைப் போர்வை கிடைக்க வேண்டிய நாளில் அழுக்குப் பனி வெயிலில் கிடக்கிறது. 1962 முதல் பெரு தன் பனிப் பரப்பில் பாதிக்கு மேல் இழந்துவிட்டது. பொலிவியாவின் சகால்தாயா பனியாறு 2009இல் முற்றிலும் மறைந்தது.

இனி அளப்பது. முதல் முறை மிக எளிது. பனிக்குள் ஆழமாகத் துளை போட்டுக் கம்பு நடுவார்கள். அடுத்த வருடம் போய், கம்பு எவ்வளவு கூடுதலாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று டேப் வைத்து அளப்பார்கள். ஒரு மீட்டர் பனிக்கட்டி போயிருந்தால், அந்த இடத்தில் ஏறக்குறைய 90 சென்டிமீட்டர் தண்ணீர் போயிற்று என்று கணக்கு. செயற்கைக்கோள் படங்கள் பரப்பைச் சொல்லும். ஆனாலும் மூச்சு வாங்க மேலே ஏறிக் கம்பைப் பார்க்கிற வேலையை இன்னும் விட்டுவிடவில்லை.

எனக்கு அதிகம் பிடித்தது இரண்டாவது முறை. ஆற்றில் ஓடும் தண்ணீரில் எவ்வளவு பனியிலிருந்து வந்தது, எவ்வளவு நிலத்தடியிலிருந்து வந்தது? பனி உருகிய நீரில் உப்பு மிகக் குறைவு. பாறை இடுக்கிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் ஊறி வந்த நீரில் உப்பு அதிகம். ஆக்சிஜனின் கனமான அணுக்கள் இருக்கும் விகிதமும் உயரத்துக்கு உயரம் மாறும். ஓடைக்கு ஓடை பாட்டிலில் நீர் பிடித்துப் பார்த்தால் கலவையின் பங்கு தெரிந்துவிடும். இப்படிப் பார்த்தபோதுதான், வறண்ட காலத்தில் ஆற்றுக்கு வரும் நீரில் கணிசமான பங்கு பள்ளத்தாக்கின் அடியிலிருந்து வருவது தெரிந்தது. சரிந்து குவிந்த கற்களும், அங்கே 'போஃபெதால்' என்று அழைக்கப்படும் மலைச் சதுப்புகளும் மழையை உறிஞ்சி வைத்து மெல்லக் கசியவிடுகின்றன. நீலகிரியில் சோலைக்கும் புல்வெளிக்கும் நடுவே காலை வைத்தால் புதையும் இடங்கள் உண்டே, அதே வேலைதான். பனி போனாலும் எல்லாம் போய்விடாது. ஆனால் அந்தச் சதுப்புகளையும் காயவிட்டால் கைவசம் வேறு எதுவும் இல்லை.

அளவு குறைவதோடு தரமும் கெடுகிறது. பனி விலகியதும், அதுவரை மூடிக் கிடந்த பாறை முதல்முறையாகக் காற்றையும் நீரையும் தொடுகிறது. அதில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் இருந்தால் ஓடுவது அமிலநீர். கோர்டியேரா பிளாங்காவின் அடிவாரத்தில் இருக்கும் வராஸ் நகருக்கு மேலுள்ள சில ஓடைகளில் தண்ணீர் தெளிவாகத்தான் தெரியும். ஆனால் அடியில் கிடக்கும் ஒவ்வொரு கல்லும் துருப்பிடித்த ஆணி போலச் செம்மஞ்சளாக இருக்கும். சுரங்கம் தோண்டிய இடத்தில் வரும் கேடு, யாரும் தோண்டாமலே வருகிறது.

இருக்கும் நீர் யாருக்குப் போகிறது என்பதையும் விட்டுவிடக் கூடாது. சாந்தா ஆறு வழியில் நீர்மின் நிலையத்தைச் சுழற்றுகிறது. கடலோரம் போனால், மழையே அறியாத பாலைவனத்துக்குச் சவிமோசிக் என்ற பெருங்கால்வாய்த் திட்டம் அதைத் திருப்பி, ஏற்றுமதிப் பயிர்களுக்குப் பாய்ச்சுகிறது. 2008இல் அதே மலைத்தொடரிலுள்ள பரோன் ஏரியின் மதகை மேட்டு ஊர் உழவர்களே கைப்பற்றினார்கள். மின் உற்பத்திக்காக ஏரியைத் தாறுமாறாக வடிக்கிறார்கள் என்பது அவர்கள் குறை. பற்றாக்குறையைப் பனியின் கணக்கில் மட்டும் எழுதுவது நியாயமில்லை என்பது என் எண்ணம். பங்கீடும் அதில் பாதி.

பனி பின்வாங்கும் இடத்தில் ஏரிகளும் பிறக்கும். 1941 டிசம்பர் 13 அன்று பால்ககோச்சா ஏரியின் கரை உடைந்து வராஸ் நகரின் ஒரு பகுதியை அடித்துக்கொண்டு போனது. குறைந்தது 1,800 பேர் இறந்தார்கள். அந்த ஏரி இன்று மறுபடியும் நிறைந்து நிற்கிறது. இதை வைத்து வராஸைச் சேர்ந்த உழவர் சாவுல் லுசியானோ லியூயா, பனி உருகக் காரணமான புகையில் அதற்கும் பங்குண்டு என்று ஜெர்மனியின் ஆர்.டபிள்யூ.இ. மின் நிறுவனத்தின் மேல் 2015இல் வழக்குப் போட்டார். அவர் வீட்டுக்கு உடனடி ஆபத்துப் போதிய அளவு நிரூபணமாகவில்லை என்று 2025 மே மாதம் வழக்குத் தள்ளுபடியானது. ஆனால் புகை கக்கும் நிறுவனம் தொலைதூரத்துப் பாதிப்புக்கும் கொள்கையளவில் பொறுப்பாகலாம் என்று அதே நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

மாணவிக்கு ஒரு செய்முறை சொல்லித் தருகிறேன். ஆர்.ஓ. இயந்திரம் விற்க வருபவர்கள் கையில் ஒரு டி.டி.எஸ். மீட்டர் வைத்திருப்பார்களே, அது ஒன்று போதும். மழைநீரைப் பனி என்று வைத்துக்கொள்ளுங்கள், போர்த் தண்ணீரை நிலத்தடி நீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மழைநீர் 20 காட்டுகிறது, போர்த் தண்ணீர் 820 காட்டுகிறது என்றால், இரண்டும் சரிபாதி கலந்தது 420 பக்கம் காட்ட வேண்டும். இப்போது அவளை ஒரு ஓரமாக நின்று, யாரும் பார்க்காமல் தன் இஷ்டத்துக்குக் கலந்து கொண்டுவரச் சொல்லுங்கள். அதில் எத்தனை பங்கு 'பனி' என்று மற்றவர்கள் மீட்டரைப் பார்த்துக் கண்டுபிடிக்கட்டும்.