கணிப்பொறியும் சற்றே உறங்கட்டும்!

பகலெல்லாம் உழைத்த மனிதன் இரவில் உறங்குகிறான். வயலில் உழுத மாடு தொழுவத்தில் படுத்து அசைபோடுகிறது. ஆனால் நம் மேசை மீது வீற்றிருக்கும் கணிப்பொறிக்கு ஓய்வு தேவையா, இல்லையா என்பதில் மட்டும் வீட்டுக்கு வீடு கருத்து வேறுபாடு இருக்கிறது.

“நிறுத்தி நிறுத்திப் போட்டால் சீக்கிரம் கெட்டுவிடும், ஓடிக்கொண்டே இருக்கட்டும்” என்கிறார் ஒருவர். “கரண்ட் பில் ஏறுகிறதே, உடனே அணைத்துவிடு” என்கிறார் மற்றொருவர். “அணைக்கவும் வேண்டாம், ஓடவும் வேண்டாம், தூங்க விடு” என்கிறார் மூன்றாமவர். இம்மூவருள் யார் சொல்வது சரி? மூவரின் வழக்கையும் கேட்டு, கணக்கும் போட்டுப் பார்த்து, நாமே ஒரு தீர்ப்புக்கு வருவோம்.

அச்சம் பிறந்த கதை

முதலாமவரின் அச்சம் காரணமில்லாமல் தோன்றியதன்று. அதன் வேரைக் காண நாம் அமெரிக்காவின் பிலடெல்பியா நகருக்குச் செல்ல வேண்டும். அங்குள்ள பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் உருவாகி, 1946ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் உலகுக்கு அறிமுகமான கணிப்பொறி ‘எனியாக்’. அதன் எடை ஏறத்தாழ 30 டன். அதில் ஏறத்தாழ 18,000 வால்வுகள் இருந்தன. பழைய வால்வு ரேடியோவைப் பார்த்த நம் தாத்தா பாட்டிமாருக்கு வால்வு என்றால் என்னவென்று தெரியும். கண்ணாடிக் குமிழுக்குள் ஓர் இழை சூடேறிச் சிவந்து ஒளிரும். அதன் பின்னரே ரேடியோ பாடத் தொடங்கும்.

வெப்பத்தால் பொருள்கள் விரிவடையும், குளிர்ந்தால் சுருங்கும் என்று நாம் பாடத்தில் படித்திருக்கிறோம். இயந்திரத்தை நிறுத்திப் போடும் ஒவ்வொரு முறையும் வால்வுகள் சூடேறி விரிந்தும், குளிர்ந்து சுருங்கியும் வலுவிழந்தன. எனியாக்கின் வால்வுகளில் பெரும்பாலானவை வேலை செய்யும்போது பழுதாகவில்லை. சூடேறும் நேரத்திலும் குளிரும் நேரத்திலுமே பழுதாயின. ஆகவே பொறியியலாளர்கள் அதை அரிதாகவே நிறுத்தினார்கள். அது 150 கிலோவாட் மின்சாரத்தை விழுங்கியபோதும், ஓடவிடுவதே அறிவுடைமையாக இருந்தது.

தோழியர் மகிழத்தக்க செய்தி ஒன்றும் இங்கு உண்டு. எனியாக்கிற்கு முதன்முதலில் நிரல்களை அமைத்துக் கொடுத்தவர்கள் ஆறு பெண்மணிகள். அவர்களுள் கே மக்நல்டி, பிரான்சஸ் பைலஸ் ஆகிய இருவரும் பிலடெல்பியாவிலுள்ள செஸ்ட்நட் ஹில் என்னும் கத்தோலிக்க மகளிர் கல்லூரியில் கணிதம் பயின்று, 1942ஆம் ஆண்டு பட்டம் பெற்றவர்கள். அந்த ஆறு பெண்களும் இயந்திரத்தின் அமைப்பை நன்கு கற்று, கோளாறு நேரும்போது அது எந்தப் பகுதியில் நேர்ந்தது என்று கண்டுபிடிப்பதிலும் வல்லவர்களாக விளங்கினார்கள்.

நம் மேசைக் கணிப்பொறியில் வால்வு ஒன்றுகூட இல்லை. அவற்றின் இடத்தை டிரான்சிஸ்டர்கள் பிடித்துவிட்டன. காரணம் மறைந்தது, ஆனால் அச்சம் மட்டும் நிலைத்துவிட்டது.

ஹார்டு டிஸ்க் தேயாதா?

“வால்வு போனால் என்ன? ஹார்டு டிஸ்க் என்னும் தட்டு சுழல்கிறதே! அதை நிறுத்தி நிறுத்திச் சுழற்றினால் தேயாதா?” என்று ஒரு தோழி கேட்கலாம். நல்ல கேள்வி. பழைய ஹார்டு டிஸ்க்குகளில் தட்டு நிற்கும்போது, எழுதிப் படிக்கும் முனை தட்டின் மீதே இறங்கி அமரும். மீண்டும் சுழலத் தொடங்குகையில் சிறிது உராய்வு உண்டாகும். ஆகவே தேய்மானம் உண்மையே. ஆனால் எவ்வளவு?

பல ஹார்டு டிஸ்க்குகள் 50,000 முறை நின்று புறப்படுவதைத் தாங்கும் என்று அவற்றின் தயாரிப்பாளர்கள் குறித்திருந்தார்கள். நாள்தோறும் ஐந்து முறை நிறுத்தி ஓட்டினாலும் ஆண்டுக்கு 1,825 முறைதான் ஆகிறது. 50,000 முறையை எட்ட 27 ஆண்டுகள் வேண்டும்! அதற்குள் அந்தக் கணிப்பொறியை வாங்கிய மாணவி, தன் மகளைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருப்பாள். பின்னர் வந்த ஹார்டு டிஸ்க்குகளில் முனை தட்டைத் தொடாமல் தனி இடத்தில் ஒதுங்கி நிற்கிறது. இப்போது பரவிவரும் எஸ்.எஸ்.டி. என்னும் சேமிப்பகத்திலோ சுழலும் பகுதியே கிடையாது.

மறுபக்கத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஓடிக்கொண்டே இருப்பதும் தேய்மானம்தானே! மின்விசிறி இரவும் பகலும் சுழன்று தூசியை உள்ளே இழுக்கிறது. தூசி படிந்தால் சூடு கூடுகிறது. சூட்டினால் மின்தேக்கிகளின் ஆயுள் குறைகிறது. ஆக, “ஓடினால் கெடாது” என்ற வாதம் நிற்கவில்லை.

மூன்று வகை ஓய்வு

கணிப்பொறிக்கு நாம் தரக்கூடிய ஓய்வு மூவகைப்படும். வகுப்பறையைக் கொண்டே இதை விளக்கிக்கொள்வோம். கணிப்பொறியின் நினைவகம் ஒரு கரும்பலகை. ஹார்டு டிஸ்க் ஒரு நோட்டுப் புத்தகம். நாம் செய்யும் வேலையெல்லாம் முதலில் கரும்பலகையில்தான் எழுதப்படுகிறது. சேமித்தால்தான் நோட்டுக்குப் போகிறது.

முதலாவது உறக்கம், திரையில் ‘ஸ்லீப்’ என்றிருக்கும். மூளையாகிய புராசசரும், மின்விசிறியும், ஹார்டு டிஸ்க்கும் நின்றுவிடும். ஆனால் கரும்பலகை அழிக்கப்படுவதில்லை. நினைவகத்திற்கு மட்டும் சிறிதளவு மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். ஏன் தெரியுமா? நினைவகத்தில் ஒவ்வொரு குறியும் மிகச் சிறிய மின்தேக்கியில் மின்னூட்டமாக இருக்கிறது. ஓட்டைக் குடத்து நீர் போல அது கசிந்துகொண்டே இருக்கும். ஆகவே பொதுவாக 64 மில்லி வினாடிக்கு ஒரு முறை, அதாவது வினாடிக்குச் சுமார் 15 முறை, அதை மீண்டும் நிரப்ப வேண்டும். உறக்கத்தில் நடப்பது இந்த ஒரு வேலை மட்டுமே. திரியைக் குறைத்து வைத்த அரிக்கேன் விளக்கைப் போல, வேண்டும்போது சில வினாடிகளில் மீண்டும் ஒளி பெருகும். விட்ட இடத்தில் வேலையைத் தொடரலாம்.

இரண்டாவது ஆழ்ந்த உறக்கம், ‘ஹைபர்னேட்’ என்பார்கள். கரும்பலகையில் உள்ளதை முழுவதும் நோட்டில் எழுதி வைத்துவிட்டு விளக்கை அணைப்பது இது. எழுந்திருக்கச் சற்று அதிக நேரமாகும். ஆனால் மின்சாரம் அறவே நின்றாலும் வேலை அழியாது.

மூன்றாவது முழு நிறுத்தம், ‘ஷட் டவுன்’. கரும்பலகை துடைக்கப்படுகிறது. மறுநாள் புதிதாகத் தொடங்க வேண்டியதுதான்.

இங்கே ‘ஸ்கிரீன் சேவர்’ பற்றியும் ஒரு சொல். திரையில் மீன் நீந்துவதையும் பூ மலர்வதையும் கண்டு, கணிப்பொறி ஓய்வெடுக்கிறது என்று பலர் எண்ணுகிறார்கள். பழைய கண்ணாடிக் குழாய்த் திரைகளில் ஒரே படம் நெடுநேரம் நின்று தழும்பு விழாமலிருக்கச் செய்த ஏற்பாடு அது. மின்சாரத்தை அது மிச்சப்படுத்துவதில்லை. கணிப்பொறியும் ஓடுகிறது, திரையும் எரிகிறது.

கணக்குப் போடுவோம்

வேலையின்றி ஓடும் சாதாரண மேசைக் கணிப்பொறி, திரையும் சேர்த்து, 70 வாட் அளவில் மின்சாரம் கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். உறங்கும்போது சில வாட்டே போதும். 3 வாட் என்று கொள்வோம்.

ஒரு வீட்டில் நாளொன்றுக்கு 4 மணி நேரம் வேலை நடக்கிறது. மீதி 20 மணி நேரம் கணிப்பொறி சும்மா ஓடுகிறது. 70 வாட்டை 20 மணியால் பெருக்கினால் 1,400 வாட் மணி, அதாவது 1.4 யூனிட். தமிழ்நாட்டில் இரு மாதங்களுக்கு ஒருமுறை மீட்டர் பார்க்கும் வழக்கப்படி 60 நாளுக்குக் கணக்கிட்டால் 84 யூனிட்! அதே நேரம் முழுவதும் அதை உறங்க விட்டிருந்தால் 3.6 யூனிட்தான் செலவாகியிருக்கும். வீடுகளுக்கு இரு மாதத்திற்கு முதல் 100 யூனிட் கட்டணமில்லை என்று 2016ஆம் ஆண்டில் அரசு அறிவித்தது. அத்தகைய சலுகையின் பெரும்பகுதியை, யாரும் பயன்படுத்தாத ஓர் இயந்திரம் விழுங்கிவிடுமானால், அடுப்படியில் பார்த்துப் பார்த்துச் சிக்கனம் செய்யும் நம் அன்னையருக்கு அது நியாயமாகுமா?

பள்ளிக் கணக்கையும் பார்ப்போம். ஒரு கணிப்பொறி அறையில் 30 கணிப்பொறிகள் இருப்பதாகக் கொள்வோம். சனிக்கிழமை மாலை 4 மணிக்கு அவற்றை அணைக்காமல் கதவைப் பூட்டினால், திங்கட்கிழமை காலை 8 மணி வரை 40 மணி நேரம் ஆகிறது. செலவாகும் மின்சாரம் 84 யூனிட். ஒரு வீடு இரு மாதத்தில் வீணாக்கியதை ஒரு பள்ளி ஒரே ஞாயிற்றுக்கிழமையில் வீணாக்கிவிடுகிறது!

இந்த மின்சாரம் வானத்திலிருந்து வருவதன்று. நம் நாட்டில் இன்றும் பெரும்பகுதி மின்சாரம் நிலக்கரியை எரித்தே கிடைக்கிறது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியைத் தோண்டி எரித்து 1962 முதல் மின்சாரம் எடுக்கிறார்கள். நாட்டின் மின் உற்பத்தியைச் சராசரியாகப் பார்த்தால், யூனிட் ஒன்றுக்கு ஏறத்தாழ 700 கிராம் கரியமில வாயு வெளியாகிறது. 84 யூனிட்டுக்கு ஏறத்தாழ 59 கிலோ! வெறும் அறையில் ஓடிய இயந்திரங்களுக்காக இத்தனை புகை.

மின்தடை வந்தால்?

அப்படியானால் எப்போதும் உறங்க விடலாமே என்று தோன்றும். அங்கேதான் நாம் விழிப்பாக இருக்க வேண்டும். உறங்கும் கணிப்பொறியின் நினைவு, மெல்லிய மின்னோட்டத்தை நம்பியே உயிர் வாழ்கிறது. திடீரென மின்தடை ஏற்பட்டால் கரும்பலகை முழுவதும் ஒரே நொடியில் துடைக்கப்பட்டுவிடும். மடிக்கணினிக்கு உள்ளேயே பேட்டரி உண்டு. மேசைக் கணிப்பொறிக்கு யு.பி.எஸ். இல்லாவிடில் காப்பு ஏதுமில்லை. மூன்று நாள் பாடுபட்டுத் தட்டச்சு செய்த கட்டுரையைச் சேமிக்காமல் கணிப்பொறியை உறங்க வைத்துவிட்டு உணவருந்தச் செல்லும் மாணவிக்கு, ஐந்து நிமிட மின்தடை போதும் கண்ணீர் வடிக்க.

ஆகவே, சேமித்த பிறகே உறக்கம் என்பதை விதியாகக் கொள்வோம். நினைவகத்திலும் வைத்து ஹார்டு டிஸ்க்கிலும் எழுதி வைக்கும் ‘ஹைபிரிட் ஸ்லீப்’ என்னும் கலப்பு உறக்கமும் சில கணிப்பொறிகளில் உண்டு. மின்தடை மிகுந்த ஊர்களுக்கு அது ஏற்றது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இடி மின்னலோடு மழை பெய்யும்போது மட்டும் உறக்கமும் வேண்டாம். முறைப்படி நிறுத்தி, பிளக்கையே கழற்றிவிடுவது நல்லது.

ஓடியே தீர வேண்டியவை

எல்லாக் கணிப்பொறிகளையும் உறங்க வைக்க முடியாது. மருத்துவமனையில் நோயாளியின் நாடித்துடிப்பைக் கண்காணிக்கும் கருவியும், வங்கியின் கணக்குகளைத் தாங்கும் சர்வரும் உறங்கலாகாது. நள்ளிரவிலும் அவற்றை நம்பி ஒருவர் இருக்கிறார். நம் வீட்டிலும் பெரிய கோப்பு ஒன்றை இறக்கும்போதோ, படங்களையெல்லாம் நகலெடுத்துப் பாதுகாக்கும்போதோ கணிப்பொறி ஓடட்டும். திரையை மட்டும் அணைத்துவிடலாம். வேலை இருக்கிறதா, இல்லையா என்பதே அளவுகோல்.

நாம் செய்யத்தக்கவை

தேநீர் அருந்தவோ, சாப்பிடவோ எழுந்தால், சேமித்துவிட்டு உறங்க வைப்போம். மறந்து போவோர் 15 நிமிடத்தில் தானாகவே உறங்கும்படி அமைத்து வைக்கலாம்.

இரவிலும், வெளியூர் செல்லும்போதும் முழுவதுமாக நிறுத்துவோம். திரையின் சுவிட்சையும் அணைப்போம்.

வாரம் ஒரு முறை ‘ரீஸ்டார்ட்’ கொடுப்போம். 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல், பல கணிப்பொறிகளில் ‘ஷட் டவுன்’ கொடுத்தாலும் இயக்க அமைப்பின் ஒரு பகுதி டிஸ்க்கில் எழுதி வைக்கப்பட்டு, மறுநாள் அப்படியே எடுக்கப்படுகிறது. ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். சிறு கோளாறுகள் பலவும் இதனாலேயே நீங்கும்.

ஓடும் கணிப்பொறியின் பிளக்கை ஒருபோதும் பிடுங்கோம். எழுதிக்கொண்டிருக்கும்போதே நோட்டைப் பறிப்பது போன்றது அது.

பள்ளியில் கடைசி மணி அடித்ததும், கணிப்பொறி அறையைச் சுற்றிப் பார்த்து வரும் பொறுப்பை வகுப்புக்கு இருவராக நாமே ஏற்கலாம். இரண்டு நிமிட வேலைதான்.

இப்போது தீர்ப்புக்கு வருவோம். முதலாமவரின் அச்சம் வால்வுக் காலத்தோடு முடிந்துவிட்டது. மூன்றாமவர் சொன்ன உறக்கம் பகலில் சிற்சில இடைவேளைகளுக்கு ஏற்றது. இரண்டாமவர் சொன்ன முழு நிறுத்தம் இரவுக்கும் விடுமுறைக்கும் ஏற்றது. சிறு துளி பெருவெள்ளம் என்பது சேமிப்புக்கு மட்டுமன்று, வீணடிப்புக்கும் பொருந்தும். தந்தையார் உழைத்துக் கட்டும் மின் கட்டணத்திலும், பூமியைத் தோண்டி எடுக்கும் நிலக்கரியிலும் நம் விரல் நுனிக்கு ஒரு பங்கு இருக்கிறது என்பதை உணர்ந்து, இன்று மாலை முதலே இப்பழக்கத்தைத் தொடங்குவோம்.