சில்லறையில் வந்த வள்ளுவர்

கேள்வி: பஸ்ஸில் மீதிச் சில்லறையாக வள்ளுவர் படம் போட்ட 5 ரூபாய் வந்தது. லட்சத்துக்கு விற்கலாம் என்கிறார்கள். உண்மையா?
– வாசகி, வாழவந்தி, ஏற்காடு

பதில்: லட்சம் என்பது வெறும் கதை. ஆனால் காசு அருமையானது, செலவழித்துவிடாதீர்கள். 1995-ல் தஞ்சாவூரில் நடந்த எட்டாவது உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி வெளியிட்டது அது. புழக்கத்துக்கென்றே அடித்ததால் இன்னமும் எப்போதாவது கைக்கு வருகிறது. அண்ணா, காமராஜர் நூற்றாண்டுக் காசுகளும் அப்படித்தான்.

ஆண்டுக்குக் கீழே உற்றுப் பாருங்கள். சாய்சதுரம் இருந்தால் மும்பையில் அடித்தது, நட்சத்திரம் என்றால் ஹைதராபாத், சிறு புள்ளி நொய்டா. ஒன்றுமே இல்லாவிட்டால் கொல்கத்தா. ஒரே ஆண்டுக் காசிலும் ஒரு நாணயச்சாலையில் அடித்தது மலிவாகவும் இன்னொன்றில் அடித்தது அரிதாகவும் இருக்கும். சேகரிப்பவர்கள் முதலில் தேடுவது இதைத்தான்.

புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டாம். இயல்பான மேற்பரப்பு போனால் மதிப்பும் போய்விடும்.

பழைய காசை வாங்குவதாகச் சொல்லி, ரிசர்வ் வங்கி பெயரில் கமிஷனும் வரியும் கேட்கும் கும்பல்கள் உண்டு. அப்படி யாரையும் நியமிக்கவில்லை என்று அந்த வங்கியே 2021-ல் எச்சரித்தது. முன்பணம் கேட்டால், அந்தப் பேச்சை அத்தோடு முடித்துக்கொள்ளுங்கள்.