மூச்சை எண்ணு, கயல்

அன்புள்ள கயல்,

சர்ஜரி வார்டில் நாலு பேர் ஒரே நேரத்தில் கூப்பிட்டால் யாரிடம் முதலில் போவது என்று கேட்டிருந்தாய்.

ஒரு காலை ஹேண்ட்ஓவரையே எடுத்துக்கொள்வோம். அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் ஆன பையன் வலியில் கத்துகிறான். டிஸ்சார்ஜ் சம்மரி கேட்டு ஒருவர் மேஜையைத் தட்டுகிறார். சர்க்கரைக்காரர் ஒருவர் இன்சுலின் போட்ட பிறகு இட்லியைத் தொடாமல் போர்த்திப் படுத்திருக்கிறார். குடல் ஆபரேஷன் ஆன பெரியவருக்கு நாடி 118, பி.பி. 110/70. "பி.பி. நார்மல்தான்" என்று சொல்லிவிட்டு நைட் சிஸ்டர் கிளம்பிவிட்டார்.

கத்துகிறவனுக்கு மூச்சுப்பாதை திறந்திருக்கிறது என்பது கத்தலிலேயே தெரிகிறது. வலி பொய்யில்லை, சில நிமிடம் பொறுக்கும். சம்மரி இன்னும் அதிக நேரம் பொறுக்கும், கேட்பவர் பொறுக்காவிட்டாலும்.

போகிற வழியில் சர்க்கரைக்காரரின் தோளைத் தட்டிப் பெயரைக் கேள். வியர்த்திருந்தாலோ பேச்சு குழறினாலோ உடனே குளுக்கோமீட்டரை எடு. 70-க்குக் கீழே இருந்து, அவரால் விழுங்க முடிந்தால், 15 கிராம் சர்க்கரையைக் கரைத்துக் கொடு. 15 நிமிடம் கழித்து மறுபடி பார். மயங்கியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாதே. டாக்டரைக் கூப்பிட்டு ஐ.வி. டெக்ஸ்ட்ரோஸுக்குத் தயாராகு.

அவர் தெளிவாகப் பேசினால், அடுத்த நிமிடமே பெரியவரிடம் போ. எனக்குப் பயம் அவரைப் பற்றித்தான். கேஸ் ஷீட்டைப் புரட்டு: ஆபரேஷனுக்கு முன் அவர் பி.பி. 150. அப்படிப்பட்டவருக்கு 110 எப்படி நார்மல்? உள்ளே ரத்தம் கசிந்தாலும், தொற்று பரவினாலும், இதயம் வேகமாக அடித்து உடல் கொஞ்ச நேரம் சமாளிக்கும். திசுக்களுக்கு ஆக்சிஜன் குறைந்து அமிலம் சேரும்போது, அதை ஈடுகட்ட நுரையீரல் வேகமெடுக்கும். பி.பி. சரிவதற்கு முன்பே மூச்சு சொல்லிவிடும். சாச்சுரேஷன் 96 என்று காட்டினாலும் ஏமாறாதே.

ஆனால் டி.பி.ஆர். சார்ட்டில் வார்டு முழுக்க மூச்சு 18, 20 என்றே இருக்கும். எண்ணாமல் எழுதுகிற பழக்கம் அது. நீ நாடி பார்ப்பதுபோல் பெரியவரின் மணிக்கட்டைப் பிடித்தபடி, மார்பு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுக்க எண்ணு. எண்ணுவது தெரிந்தால் அவர் மூச்சே மாறிவிடும்.

26 வருகிறது என்று வை. லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012-ல் வெளியிட்டு 2017-ல் திருத்திய எச்சரிக்கை மதிப்பெண் முறையில் 25-ம் அதற்கு மேலும் இருந்தால் மூச்சுக்கு மட்டுமே 3. நாடிக்கு 2, பி.பி.-க்கு 1. மொத்தம் 6. ஐந்தைத் தொட்டாலே டாக்டர் அவசரமாக வந்து பார்க்க வேண்டும். வயிறு இறுகியிருக்கிறதா, டிரெயினில் என்ன வருகிறது, சிறுநீர் மணிக்கு எவ்வளவு என்றும் பார்த்துவிடு.

போனில் டாக்டரிடம், "சார், பேஷண்ட் ஒரு மாதிரி இருக்கார்" என்று இழுக்காதே. யார், என்ன ஆபரேஷன், எண்கள் என்ன, உனக்கு என்ன சந்தேகம், உடனே வர வேண்டும் என்பதை அரை நிமிடத்தில் சொல். கூப்பிட்ட நேரத்தைக் கேஸ் ஷீட்டில் எழுது. அவர் வராவிட்டால் அடுத்த மேலதிகாரியைக் கூப்பிடு, கோபித்துக்கொண்டால் கோபிக்கட்டும்.

அன்புடன்,
சித்தி