வரிப் பாக்கிக்கு வக்கீல் நோட்டீஸ் வந்தால்

கள்ளக்குறிச்சியில் உங்கள் வீட்டின் சொத்து வரி பாக்கிக்காக வக்கீல் நோட்டீஸ் வந்தால், முதலில் அதில் வரி விதிப்பு எண்ணைத் தேடுங்கள். எந்த அரையாண்டுக்கு எவ்வளவு பாக்கி, வக்கீல் யார் சார்பில் அனுப்புகிறார் என்பதும் நோட்டீஸில் இருக்க வேண்டும். சந்தேகமிருந்தால் நகராட்சி வருவாய்ப் பிரிவில் காட்டி, அவர்கள் அனுப்பச் சொன்னதுதானா என்று கேளுங்கள்.

அடுத்தது கணக்கு. அரையாண்டு ஏப்ரலிலும் அக்டோபரிலும் தொடங்குகிறது. தொடங்கிய 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய். காலம் கடந்தால் மாதம் 1 சதவீதம் அபராதம். இதற்கு மேல் ‘வக்கீல் பீஸ்’ என்று ஏதாவது சேர்ந்திருந்தால், எந்த விதிப்படி, எந்த நீதிமன்ற உத்தரவுப்படி என்று எழுத்தில் கேளுங்கள். பணத்தை வக்கீலிடமோ குமாஸ்தாவிடமோ கொடுக்காதீர்கள். நகராட்சி கவுன்டரிலோ இணையத்திலோ கட்டி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

இதே மாவட்டத்தின் கல்வராயன் மலையில் வீட்டு வரி ஊராட்சிக்குச் சேர்கிறது. அங்கும் ரசீதை விடாதீர்கள். 1976 வரை ஜாகிர்தார்கள் வரி வாங்கிய மலை அது. வசூலிப்பவர் யாருக்குக் கணக்குச் சொல்கிறார் என்ற கேள்வி அந்த மக்களுக்குப் புதிதல்ல.

வக்கீலுக்கு என்ன கூலி என்பதைத்தான் நாம் கேட்பதே இல்லை. அமெரிக்காவின் டெக்சாஸில் வரி பாக்கி வசூலிக்கும் தனியார் வக்கீலுக்கு, வசூலில் 20 சதவீதம் வரை தரச் சட்டமே இடம் தருகிறது. இந்தியாவில் அதற்கு அனுமதியில்லை. வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதையும் கிடைக்கும் தொகையில் பங்கு வாங்குவதையும் இந்திய பார் கவுன்சில் விதிகள் தடுக்கின்றன. நல்ல தடைதான். பங்கு உண்டென்றால் பெரிய மண்டபக்காரரை விட்டுவிட்டு, மிரட்டினால் உடனே கட்டிவிடும் ஓட்டுவீட்டுக்காரரிடம்தான் போவார்கள்.

உங்கள் நகராட்சி வக்கீலுக்கு எப்படிக் கூலி தருகிறது என்று சரிபார்க்கத் தகவல் உரிமைச் சட்டம் போதும். 10 ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்பு ஒட்டி, நகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். ‘ஏன்’ என்று கேட்டால் பதில் வராது, ஆவணங்களைக் கேளுங்கள். வக்கீலின் நியமன உத்தரவு, நகர்மன்றத் தீர்மானம், கட்டண விகிதம், 3 ஆண்டுகளில் அவருக்குக் கொடுத்த தொகை, அவரிடம் ஒப்படைத்த வழக்குகள், அவற்றால் வசூலானது, தணிக்கை ஆட்சேபணைகள். அதிக பாக்கி வைத்திருக்கும் கட்டடங்களில் எத்தனை மீது வழக்கு இருக்கிறது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். குட்டு உடைவது பெரும்பாலும் அங்கேதான். 30 நாளில் பதில் வராவிட்டால் மேல்முறையீடு, அதன் பிறகு மாநிலத் தகவல் ஆணையம்.

தவறு வக்கீலுடையது என்றால் தமிழ்நாடு புதுச்சேரி பார் கவுன்சிலுக்கும், நகராட்சியுடையது என்றால் உள்ளாட்சி முறைமன்ற நடுவத்துக்கும் புகார் அனுப்புங்கள்.

வழக்கே வந்துவிட்டால், பெண்களுக்கும் கல்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. 15100 என்ற எண்ணை அழையுங்கள்.